தேசிக்காயில் சாறு இல்லை, கிணற்றில் உப்பு

போன மாசம் வடமராட்சியிலிருந்து சின்னம்மா வீடியோ கோலில் ஒரு தேசிக்காயை வெட்டிக் காட்டினா. "பார் தம்பி, தோல் மட்டும்தான் இருக்கு. ரெண்டு காயைப் பிழிஞ்சாலும் ஒரு சொதிக்குக் காணாது." மரத்தையும் காட்டினா. இலை நுனிகள் நெருப்புப் பட்டதுபோலக் கருகியிருந்தன. நோய் என்று நினைத்து மருந்தும் அடித்திருக்கிறா. "கிணத்துத் தண்ணி எப்படி?" என்று கேட்டேன். "இப்ப சவர்தானே" என்றா.

அந்தக் கிணற்றுக்குப் பெரிய மோட்டர் வாங்கக் காசு அனுப்பியது நான்தான்.

தேசி, தோடை இனங்கள் உப்பைத் தாங்காதவை. மண்ணில் உப்பு ஏறினால் வேரால் தண்ணீரை இழுக்க முடியாது. குளோரைட் இலையில் சேர்ந்து நுனியைக் கருக்கும், பிறகு இலை கொட்டும். காய் சிறுக்கும், சாறு குறையும். மண்ணின் உப்பளவு 8 டெசிசீமன்ஸ் வரும்வரை பார்லி விளைச்சல் குறையாது. தோடைக்கோ 1.7ஐத் தாண்டினாலே குறையத் தொடங்கிவிடும்.

நான் இருக்கிற தென் அவுஸ்திரேலியாவில் மரே ஆற்றை நம்பித்தான் தோடந்தோட்டங்கள் இருக்கின்றன. இங்கும் உப்புப் பிரச்சினை உண்டு. ஆனால் 1988இலேயே மாநிலங்கள் கூடி உப்பைக் கட்டுப்படுத்தத் திட்டம் போட்டன. நிலத்தடி உப்புநீர் ஆற்றில் கலக்கமுன்னமே அதை இறைத்து வேறிடத்தில் ஆவியாக விடுகிறார்கள். ஆற்றின் உப்பளவைத் தொடர்ந்து அளக்கிறார்கள்.

யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறும் இல்லை. சுண்ணாம்புக் கல்லுக்குள், கடல்நீருக்கு மேலே மிதக்கிற மழைத் தண்ணீர்தான் எங்கள் கிணறு. கடல்மட்டத்துக்கு மேலே ஒரு அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. மேலே ஒரு அடியை இழந்தால், காலப்போக்கில் கீழிருந்து உப்பு அவ்வளவு தூரம் ஏறிவரும். துலாவால் இறைத்த காலத்தில் ஆள் களைத்தால் இறைப்பு நிற்கும். மோட்டர் களைக்காது.

"வெயில் காலத்தில் பயிர் வாடுது, இறைக்காமல் என்ன செய்வது?" என்று ஊரில் கேட்பார்கள். நியாயமான கேள்வி. வெளிநாட்டில் இருந்துகொண்டு இறைக்காதே என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் எதற்குக் காசு அனுப்புவது என்று யோசிக்கும் பொறுப்பு எனக்கும் உங்களுக்கும் இருக்கிறது.

கிணறு, மோட்டர் என்று காசு கேட்டால் முதலில் தண்ணீரின் உப்பை அளக்கச் சொல்லுங்கள். சின்ன மோட்டர் வைத்து, விட்டுவிட்டு இறைக்கட்டும். இலையில் படாமல் வேரடியில் விடட்டும். கூரைத் தண்ணீரை நிலத்துக்குள் இறக்க வழி செய்யுங்கள். கோயில் கோபுரத்துக்குக் காசு சேர்க்கிற ஊர்ச் சங்கங்கள், ஐப்பசி மழைக்கு முதல் ஊர்க் குளத்தைத் தூர்வாரவும் ஒருமுறை சேர்க்கலாமே.

சின்னம்மாவின் மகன் இப்ப குழாய்க் கிணறு அடிக்கக் காசு கேட்கிறான். இன்னும் ஆழம் போனால் கிடைக்கப்போவது கடல்தான். அதற்குத் தரமாட்டேன், குளத்துக்குத் தாறன் என்று சொல்லிவிட்டேன். இரண்டு கிழமையாக அவன் என்னோடு கதைக்கவில்லை. பரவாயில்லை. கோபம் ஆறும். சவராகிப்போன கிணறு அவ்வளவு கெதியாக மாறாது.