குடம் வைக்க ஒரு மேடை



நீர் நிறைந்த குடத்தைத் தரையிலிருந்து தூக்கித் தலைக்கு ஏற்றும் பெண்ணை நீங்கள் பார்த்திருப்பீர்கள். உங்களுள் பலர் அக்குடத்தைத் தூக்கியவர்களாகவும் இருப்பீர்கள். பதினைந்து லிட்டர் நீரின் எடை பதினைந்து கிலோ. அதைக் குனிந்து எடுத்து ஒரே மூச்சில் தலைவரை உயர்த்துகையில் முதுகெலும்பு படும் பாட்டை ஆண்கள் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. தூக்கும் வழியில் குடத்தை ஒரு கணம் வைத்து மூச்சு வாங்க, அடிகுழாயின் அருகில் ஒரு சிறு மேடை இருந்தால் அந்தப் பாடு பாதியாகக் குறையும். அந்த மேடையைக் கட்டியவர்களைப் பற்றியதே இம்மாதக் கட்டுரை. அவர்கள் பொறியாளர்கள் அல்லர், கலைஞர்கள்.

நவ்ஜோத் அல்தாஃப் அம்மையார் 1949ஆம் ஆண்டு மீரட் நகரில் பிறந்தவர். மும்பையின் புகழ்பெற்ற ஜே.ஜே. கலைப் பள்ளியில் பயின்றவர். ஓவியர் அல்தாஃப் முகமதியை மணந்து, அவருடைய பெயரைத் தம் பெயருடன் இணைத்துக்கொண்டவர். 1970களில் கணவனும் மனைவியும் இடதுசாரி இளைஞர் இயக்கத்தில் இணைந்து சுவரொட்டிகள் வரைந்தனர். கலை மக்களுக்கே உரியது என்பது அவர்களது அன்றைய முழக்கம்.

அந்த முழக்கத்தைச் சோதிக்கும் காலம் வந்தது. 1992 டிசம்பர் 6 அன்று பாபரி மஸ்ஜித் இடிக்கப்பட்டது. அந்த டிசம்பரிலும் அடுத்து வந்த ஜனவரியிலும் மும்பை எரிந்தது. அக்கலவரங்களில் 900 உயிர்கள் மாண்டன என்றும், அவர்களுள் 575 பேர் முஸ்லிம்கள் என்றும் நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா ஆணையம் பின்னர்க் கணக்கிட்டது. தாம் வாழும் நகரம் இவ்வாறு பிளவுண்டதைக் கண்ட ஓர் ஓவியர் என்ன செய்ய இயலும்? சட்டமிட்ட படத்தைச் சுவரில் மாட்டினால் வருவோர் அதை அழகென்று பாராட்டிவிட்டுச் சென்றுவிடுவர் அன்றோ?

எனவே 1994இல் மும்பை ஜஹாங்கீர் கலைக்கூடத்தில் அவர் காட்சிக்கு வைத்தது தனிப் படம் அன்று. "அறுந்த இணைப்புகளும் மீண்டும் கண்ட இணைப்புகளும்" எனத் தமிழில் சொல்லத்தக்க தலைப்பில், ஒரு கூடத்தையே படைப்பாக்கினார். இன்ஸ்டலேஷன் எனக் கலையுலகினர் வழங்கும் நிறுவல் கலை இதுவே. பார்வையாளர் படைப்பின் எதிரே நிற்பதில்லை. அதன் உள்ளே நடக்கிறார். அதில் அவர் தனித்தும் பணியாற்றவில்லை. பாந்த்ராவில் முஸ்லிம்கள் பெருமளவில் வாழும் பெஹ்ராம்பாடா குடிசைப் பகுதியைப் பற்றி ஆவணப்படம் எடுத்த மதுஸ்ரீ தத்தாவைத் துணை சேர்த்துக்கொண்டார். எரிந்த நகரத்தை ஒருவரின் கண்ணால் மட்டும் காட்டிவிட முடியாது என்பதை அவர் உணர்ந்திருந்தார் எனலாம்.

குஜராத்தில் 2002இல் நிகழ்ந்த கொடுமைகளுக்குப் பின்னர், 2003இல் அவர் உருவாக்கிய வீடியோப் படைப்பில் மூன்று திரைகளில் கடல் அலைகிறது. முன்னால் முகம் பார்க்கும் கண்ணாடிகள் பரப்பப்பட்டிருக்கின்றன. நீலக் கடல் மெல்ல மெல்லச் செந்நிறமாகிறது. கொலையையோ கொள்ளையையோ நேரே காட்டாமல், சாட்சி சொல்ல முடியாமற்போனவர்களின் மௌனத்தை அது உணர்த்துகிறது.

வாசகர்களே, மார்க்கக் கல்வி போதிப்பவனுக்குக் கலைக்கூடத்தில் என்ன வேலை என நீங்கள் வினவலாம். கலைக்கூடத்தை விட்டு அந்த அம்மையார் வெளியே வந்த பிறகு செய்த வேலையே என்னை இந்தக் கட்டுரைக்கு இழுத்து வந்தது.

1997ஆம் ஆண்டு முதல் அவர் பஸ்தர் பகுதிக்குச் சென்று பணியாற்றத் தொடங்கினார். இன்று சத்தீஸ்கர் மாநிலத்தில் அடங்கும் பழங்குடியினர் நிலம் அது. அங்குள்ள கொண்டகாவ்ன் என்னும் ஊரில் உலோகச் சிற்பி ஜெய்தேவ் பகேல் நிறுவிய சில்பி கிராம் அவருக்கு இடமளித்தது. ராஜ்குமார், சாந்திபாய், கெஸ்ஸுராம் முதலான அவ்வூர்க் கலைஞர்களுடன் அவர் சேர்ந்து உழைத்தார். அவர்களைக் கூலிக்கு அமர்த்தித் தம் பெயரில் சிற்பம் செய்வித்துக்கொள்ளவில்லை. அவரவர் அவரவர்க்குரிய படைப்பைச் செய்தனர். அவரவர் பெயராலேயே அவை காட்சிக்கு வைக்கப்பட்டன. பின்னர் உரையாடல் என்னும் பொருள்படும் பெயரில் அவர்கள் ஒரு கலைஞர் சங்கமும் அமைத்தனர்.

அவ்வுரையாடலில் பிறந்தவையே, அங்குள்ளோர் "நல்பர்" என அழைக்கும் நீரெடுக்கும் இடங்கள். அரசு போட்ட அடிகுழாய்களைச் சுற்றிச் சேறும் தேங்கிய நீருமாக இருந்த இடங்களை அவர்கள் தேர்ந்தெடுத்தனர். ஊர் மக்களோடும் பஞ்சாயத்தாரோடும் பேசினர். கழிவுநீர் வழிந்தோட வழி செய்தனர். நீரெடுக்கும் பெண்களின் உடலசைவைக் கருத்திற்கொண்டு, குடத்தை இடையில் இறக்கி வைக்க மேடைகளும் மாடங்களும் அமைத்தனர். சுற்றிலும் சுவர் எழுப்பி, அதில் அம்மண்ணின் சின்னங்களைப் பொறித்தனர். அச்சுவர் வெறும் அலங்காரமன்று. நீரெடுக்கும் இடமே பெண்கள் தங்களுக்குள் மனம்விட்டுப் பேசும் இடம். அவர்களுக்குச் சிறிது மறைவும் அமைதியும் அச்சுவர் அளித்தது. "பிள்ளா குடி" எனும் பெயரில் குழந்தைகள் கூடிக் கற்கவும் விளையாடவும் வரையவும் இடங்களும் எழுந்தன. பெயரைக் கேட்டதும் தமிழ்ச் செவிக்கு அது அயல்மொழியாகத் தோன்றவில்லை அல்லவா?

இது கலையா, பஞ்சாயத்து வேலையா எனக் கேட்போர் உண்டு. நகரத்தில் பெயர் பெற்ற ஒருவரும் காட்டோரத்துக் கைவினைஞரும் உண்மையில் சமமாக முடியுமா என ஐயுறுவோரும் உண்டு. இரண்டாவது கேள்வி நியாயமானதே. ஒருவருடைய பெயர் உலகக் கலைக்கூடங்களில் ஒலிக்கிறது. மற்றவரின் பெயரைச் சிலரே அறிவர். ஒரு மேடை கட்டியதால் அந்த ஏற்றத்தாழ்வு மறைந்துவிடாது. ஆயினும் அவர் ஒருமுறை வந்து படமெடுத்துச் சென்றவரல்லர்; இருபதாண்டுகளுக்கு மேலாக அம்மண்ணோடு தொடர்பு கொண்டவர். 2018 டிசம்பரில் மும்பை தேசிய நவீனக் கலைக்கூடத்தில் அவருடைய வாழ்நாள் பணியைத் தொகுத்துக் காட்டிய கண்காட்சிக்கு இட்ட பெயர், "பிடுங்கப்பட்ட பூமியின் இதயம்" எனப் பொருள்படுவது. சுரங்கங்களால் நிலமிழந்த சத்தீஸ்கர் மக்கள் தம் வாயாலேயே பேசும் வீடியோப் படைப்பும் அவர் ஆக்கங்களுள் ஒன்று.

முதல் கேள்விக்கு என் விடை, ஒரு வெட்கத்தின் கதை.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பகுதியில் ஓர் அன்பர் தம் மறைந்த தந்தையாரின் நன்மைக்காக, ஸதகா ஜாரியாவாகத் தெருவில் குடிநீர்க் குழாய் அமைத்துக் கொடுத்தார். பளிங்குக் கல்லில் தந்தையாரின் பெயர் பொறிக்கப்பட்டது. திறப்பு விழாவில் துஆ ஓதியவன் நானே. ஒரு வாரம் கழித்து, குழாய் முன்பு ஒரு மூதாட்டி குடத்தைச் சாய்த்துப் பிடித்தபடி நின்றிருந்தார். குழாயின் வாய் தரையிலிருந்து ஒரு சாண் உயரமே இருந்தது. குடம் அதன் கீழே நிமிர்ந்து நிற்கவில்லை. "பாதிக் குடந்தான் நிரம்புது தம்பி. நாலு நடை நடக்க வேண்டியிருக்கு" என்றார். கொடுத்தவரின் எண்ணம் தூயது, அதில் ஐயமில்லை. எனினும் நீரெடுக்க வருபவரை ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. பெயர்க் கல் அனைவர் கண்ணிலும் படும் உயரத்தில் இருக்கிறதா என்பதை மட்டும் நாங்கள் பலமுறை சரிபார்த்தோம்.

பஸ்தரில் நடந்ததை அறிந்தபோது அந்த மூதாட்டியின் முகமே என் நினைவில் எழுந்தது. கலை என்பது கூர்ந்து நோக்கும் பழக்கம் என்றால், ஒரு பெண் குடத்தைத் தூக்குவதைக் கூர்ந்து நோக்கி அதற்கேற்ப ஒரு மேடை கட்டுவதும் கலையே. நாமோ கொடுப்பதில் குறை வைப்பதில்லை. கேட்பதில்தான் குறை வைக்கிறோம். பள்ளிவாசலுக்கும் மதரஸாவுக்கும் தெருவுக்கும் நாம் கட்டித் தருபவற்றை யார் கையால் தொடுவார்கள், யார் உடல் வளைந்து பயன்படுத்தும் என்று முன்னரே கேட்டிருக்கிறோமா?

அக்குழாயைப் பின்னர் உயர்த்தினோம். அருகில் சிறு மேடையும் கட்டினோம். எவ்வளவு உயரம் வேண்டும் என்பதை அந்த மூதாட்டியே தம் கையை இடுப்பருகே வைத்துக் காட்டினார். கொத்தனார் அந்தக் கை நின்ற உயரத்தை அளந்துகொண்டார்.