நட்சத்திரங்களை வாங்கலாம், நேரத்தை வாங்க முடியுமா?

2025 செப்டெம்பர் 9ஆம் திகதி இங்கிலாந்தின் நொட்டிங்ஹம் பொரஸ்ட் கழகம் தனது பயிற்றுவிப்பாளர் நூனோ எஸ்பிரிட்டோ சான்டோவை வீட்டுக்கு அனுப்பியது. புதிய பருவத்தில் மூன்று லீக் போட்டிகள் மட்டுமே முடிந்திருந்தன. அவரது ஒப்பந்தம் 2028 வரை நீடிக்கப்பட்டு மூன்று மாதங்கள்கூட ஆகவில்லை. அவருக்குப் பின் வந்த அஞ்ச் பொஸ்டெகோக்லுவும் 39 நாட்களில் நீக்கப்பட்டார். அதன் பின் ஷோன் டைச் வந்தார். ஒக்டோபர் முடிவதற்குள் ஒரே கழகத்துக்கு மூன்று பயிற்றுவிப்பாளர்கள்!

ஏதோ ஒரு ஐரோப்பியக் கழகத்தின் உள்வீட்டுச் சண்டை என்று இதனைக் கடந்து போய்விடலாம். ஆனால் இதே மனிதருக்கு இதே அனுபவம் ஜித்தாவிலும் கிடைத்தது என்பதால் சற்று நின்று பார்க்க வேண்டியிருக்கிறது.

நூனோ 1974இல் சாவோ டோமே தீவில் பிறந்தவர். கோல் காப்பாளராகப் போர்த்துக்கல், ஸ்பெயின், ரஷ்யா என மூன்று நாடுகளில் விளையாடினார். ஆனால் அவரது விளையாட்டு வாழ்வின் பெரும்பகுதி மாற்றுவீரர் வாங்கிலேயே கழிந்தது. 2004இல் போர்ட்டோ கழகம் ஐரோப்பிய சம்பியன் கிண்ணத்தை வென்றபோது கோல் கம்பங்களுக்கு நடுவில் நின்றவர் விட்டோர் பாயியா. நூனோ வெளியில் அமர்ந்திருந்தார். 2008 யூரோ தொடருக்கான போர்த்துக்கல் குழாத்திலும் இடம் கிடைத்தது. ஆனால் தேசிய அணிக்காக ஒரு போட்டியில்கூட அவர் ஆடியதில்லை.

வகுப்பறையின் பின் வரிசையில் அமர்ந்து எல்லாவற்றையும் கவனிக்கும் மாணவன் பிற்காலத்தில் நல்லாசிரியனாவதை நாம் கண்டிருக்கிறோம். நூனோவின் கதையும் அத்தகையதே. முதலில் கோல் காப்பாளர்களுக்கான பயிற்றுநராக இருந்து, பின்னர் ரியோ அவே என்ற சிறிய கழகத்தைப் பொறுப்பேற்றார். 2014இல் போர்த்துக்கலின் இரண்டு கிண்ணப் போட்டிகளிலும் அக்கழகத்தை இறுதியாட்டம் வரை கொண்டு சென்றார்.

அவருக்கு உண்மையான அவகாசம் கிடைத்த இடம் வொல்வர்ஹம்டன். 2017இல் இரண்டாம் தரப் பிரிவில் இருந்த கழகம் அது. முதல் பருவத்திலேயே 99 புள்ளிகளுடன் பிரீமியர் லீக்கிற்கு உயர்ந்தது. அடுத்த இரு பருவங்களிலும் ஏழாமிடம். 2020இல் யூரோப்பா லீக் கால் இறுதி. உரிமையாளர்களின் பணமும், முகவர் ஜோர்ஜ் மென்டஸின் செல்வாக்கும் இதற்குத் துணைநின்றன என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் பணம் இருந்த எல்லாக் கழகங்களும் இவ்வாறு உயர்ந்துவிடவில்லை. அங்கு அவருக்கு நான்கு பருவங்கள் வழங்கப்பட்டன.

2022இல் அவர் சவூதி அரேபியாவின் அல் இத்திஹாத் கழகத்துக்குச் சென்றார். அதே பருவத்தின் நடுவில்தான் கிறிஸ்டியானோ ரொனால்டோ அல் நஸ்ர் அணியில் இணைந்தார். உலகின் கமராக்கள் எல்லாம் றியாதை நோக்கித் திரும்பின. ஆனால் லீக் கிண்ணம் ஜித்தாவுக்கே சென்றது. 30 போட்டிகளில் நூனோவின் அணி வாங்கிய கோல்கள் வெறும் 13. பெரிய பெயர் ஒன்றை ஒழுங்கான கூட்டு உழைப்பு வென்ற பருவம் அது. 2009இற்குப் பின் அக்கழகம் வென்ற முதல் லீக் பட்டமும் அதுதான்.

அதற்குப் பிறகுதான் பணம் வெள்ளமாய் வந்தது. 2023 ஜூனில் நாட்டின் பொது முதலீட்டு நிதியம் அல் இத்திஹாத் உட்பட நான்கு கழகங்களின் பெரும்பான்மைப் பங்குகளைக் கையேற்றது. பென்சிமா, கான்டே, பபின்ஹோ என நட்சத்திரங்கள் வந்திறங்கினர். நவம்பரில் நூனோ நீக்கப்பட்டார். பட்டம் வென்று ஐந்து மாதங்களும் சில நாட்களுமே ஆகியிருந்தன. அப்பருவத்தை அல் இத்திஹாத் ஐந்தாமிடத்தில் முடித்தது.

இதிலிருந்து பாடம் கற்றார்களா? லோரன்ட் பிளாங்க் 2025இல் அதே கழகத்துக்கு லீக் பட்டத்தையும் மன்னர் கிண்ணத்தையும் சேர்த்து வென்று கொடுத்தார். அதே ஆண்டு செப்டெம்பர் மாத இறுதியில் அவரும் நீக்கப்பட்டார்.

நூனோ குறைகளற்றவர் என்று வாதிடுவது இக்கட்டுரையின் நோக்கமல்ல. டொட்டன்ஹாமில் நான்கு மாதங்களே தாக்குப்பிடித்தார். அவரது அணி எச்சரிக்கை மிகுந்து சோர்வாக ஆடியதாக ரசிகர்கள் குறைகூறியதில் நியாயம் இருந்தது. போர்ட்டோவில் பயிற்றுவித்த ஒரு பருவத்தில் கிண்ணம் எதுவும் வெல்லவில்லை. பொரஸ்ட் உரிமையாளருடனான உறவு முன்போல் இல்லை என்பதை ஊடகங்களுக்கு முன்னால் அவரே சொன்னதும் விவேகமான செயல் எனக் கொள்ள முடியாது. பயிற்றுவிப்பாளரை மாற்றுவது சில வேளைகளில் அவசியமும்கூட.

ஆனால் முந்திய பருவத்தில் பொரஸ்ட் கழகத்தை ஏழாமிடத்துக்கு உயர்த்தி, ஏறத்தாழ 30 ஆண்டுகளுக்குப் பின் ஐரோப்பியப் போட்டிகளுக்கு அழைத்துச் சென்றவரை மூன்று போட்டிகளை வைத்து மதிப்பிடலாமா? ஆசிரியர் பயிற்சியில் நாம் முதலில் சொல்லிக் கொடுப்பதே, ஒரு தவணைப் பரீட்சையின் புள்ளிகளை வைத்துப் பிள்ளையின் தலைவிதியை எழுதிவிடாதீர்கள் என்பதைத்தான். கற்பிப்பவருக்கும் அந்த அளவுகோல் பொருந்த வேண்டும் அல்லவா?

சவூதி அரேபியா 2034 உலகக் கிண்ணத்தை நடத்தவிருக்கிறது. மைதானங்கள் எழும்பும், நட்சத்திரங்களும் வருவார்கள். முஸ்லிம் நாடொன்று உலக உதைபந்தாட்டத்தின் மையத்துக்கு வருவதில் நம்மில் பலருக்கு மகிழ்ச்சிதான். ஆனால் உதைபந்தாட்டப் பாரம்பரியம் என்பது கட்டப்படுவதல்ல, வளர்க்கப்படுவது. பட்டம் வென்ற இருவரை இரண்டே ஆண்டுகளில் வெளியேற்றிய கழகத்தில் ஓர் இளம் உள்ளூர் வீரன் யாரிடம், எத்தனை நாளைக்குக் கற்றுக்கொள்வான்?

நூனோ 2025 செப்டெம்பரிலேயே வெஸ்ட் ஹாமில் இணைந்தார். பொரஸ்டில் அவரது கடைசிப் போட்டியில் அவரை 3-0 எனத் தோற்கடித்த அதே அணி. வாங்கில் அமர்ந்து காத்திருக்கக் கற்றவர் அவர். காத்திருக்கக் கற்க வேண்டியவர்கள் உரிமையாளர்கள்தான்.