பருத்திப்பாலுக்கு ஒரு தினம்: எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

மதுரையை அடுத்த நாகமலை புதுக்கோட்டையிலும் தேனி சாலையோரத்திலும் தள்ளுவண்டியும் சிறு கடையும் போட்டு டீ, இட்லி, பருத்திப்பால் விற்கிறவர்களின் சங்கம் இது. பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகள் சிலர் ஒரு மனுவோடு வந்தார்கள். “அண்ணே, இட்லிக்கு ஒரு நாள் இருக்கு, பிரியாணிக்கு இருக்கு, நம்ம பருத்திப்பாலுக்கு மட்டும் இல்லையே” என்றார்கள். தேசியப் பருத்திப்பால் தினம் என்று அரசு அறிவிக்க வேண்டுமாம். அதற்கு எங்கள் கையெழுத்து வேண்டுமாம். பிள்ளைகளின் பிரியத்தில் எங்களுக்குச் சந்தேகமில்லை. ஆனால் மனு இப்போது இருக்கிற மாதிரியே இருந்தால் கையெழுத்துப் போட மாட்டோம். ஏன் என்பதை ஊருக்கும் சொல்லிவிட வேண்டும் என்றே இதை எழுதுகிறோம்.

உணவுக்கு நாள் குறிப்பது நமக்குப் புதிதல்ல. தைக்குப் பொங்கல், ஆடிக்குக் கூழ், பிள்ளையார் சதுர்த்திக்குக் கொழுக்கட்டை, ஆயுத பூஜைக்குப் பொரிகடலை. அழகர் ஆற்றில் இறங்கும்போது மதுரையில் தெருவுக்குத் தெரு பந்தல் போட்டுப் பானகமும் நீர்மோரும் ஊற்றுகிறார்கள். அதற்குப் ‘பானக தினம்’ என்று யாரும் பெயர் வைக்கவில்லை. அங்கே கேட்டு வாங்கிக் குடிக்கிறவரிடம் யாரும் காசு வாங்குவதில்லை, அவ்வளவுதான். இப்போது வரும் தினங்களில் பெரும்பாலானவை தலைகீழ். அன்று வாங்கச் சொல்லித்தான் அழைப்பு வருகிறது.

எல்லாவற்றையும் ஒரே தராசில் போட நாங்கள் தயாரில்லை. மார்ச் 30 இட்லி தினத்தை 2015-இல் சென்னையில் தொடங்கியவர் இட்லிக் கடைக்காரர் ‘மல்லிப்பூ இட்லி’ இனியவன். மாவு ஆட்டித் தட்டில் ஊற்றிய கை அது. அதை மதிக்கிறோம். ஜூலை முதல் ஞாயிறன்று வரும் பிரியாணி தினம் 2022-இல் ஒரு பாஸ்மதி அரிசி நிறுவனம் தொடங்கியது. இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் திண்டுக்கல்லின் பிரியாணியோ சீரகச் சம்பாவில் வேகிறது. அந்தத் தினத்தில் சீரகச் சம்பா விளைவிக்கிறவருக்கு என்ன வேலை?

எங்களை அதிகம் யோசிக்க வைத்தது டீ. நாளெல்லாம் டீ ஆற்றுகிற நாங்களே இதைத் தாமதமாகத்தான் தெரிந்துகொண்டோம். தேயிலை தினம் முதலில் டிசம்பர் 15. 2005-இல் தில்லியில் அதைத் தொடங்கியவை தொழிற்சங்கங்கள். கொழுந்து பறிக்கிறவரின் கூலி, சிறு விவசாயியின் இலைக்குக் கிடைக்கும் விலை, இவைதான் அன்றைய பேச்சு. 2019 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை மே 21-ஐ சர்வதேசத் தேயிலை தினமாக அறிவித்தது. அந்தத் தீர்மானத்திலும் வறுமை ஒழிப்புப் பற்றிய வரிகள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் மே 21 அன்று எங்கள் கைப்பேசிக்கு வந்து சேர்வது ஆவி பறக்கும் கோப்பைப் படம் மட்டும்தான். வால்பாறையிலும் நீலகிரியிலும் கூடை சுமக்கிறவர் அந்தப் படத்தில் இல்லை.

ஜிகர்தண்டா கதையும் கண் முன்னே இருக்கிறது. எந்த நெடுஞ்சாலையில் போனாலும் ‘மதுரை ஃபேமஸ் ஜிகர்தண்டா’ என்று போர்டு தொங்குகிறது. பாதாம் பிசினை முறையாக ஊறவைக்காமல், பாலைச் சுண்டக் காய்ச்சாமல், சிவப்பு எசன்ஸை ஊற்றிக் கொடுக்கிறார்கள். பெயர் ஊர் ஊராகப் போய்விட்டது, பக்குவம் கூடவே போகவில்லை.

பருத்திப்பாலுக்கு இந்தக் கதி எளிதில் வரும். பருத்திக் கொட்டையை முதல் நாளே ஊறப்போட வேண்டும். விடியுமுன் எழுந்து ஆட்டி, துணியில் பிழிந்து பால் எடுத்து, சக்கையை மறுபடி ஆட்டி இரண்டாம் பால், மூன்றாம் பால். அதில் பச்சரிசி மாவைக் கரைத்து அடுப்பில் ஏற்றினால் பிறகு கரண்டி நிற்கக் கூடாது. போன் அடிக்கிறதே என்று ஒரு நிமிடம் திரும்பினால் அடிப்பிடித்துவிடும். அந்த வாடை அண்டா முழுக்க ஏறிக்கொள்ளும், எவ்வளவு ஏலக்காய் போட்டாலும் மறையாது. கருப்பட்டியைக் காய்ச்சி மண் போக வடிகட்டி ஊற்றி, சுக்கு தட்டிப் போட்டு, தேங்காய்ப்பூத் தூவி இறக்கினால்தான் பருத்திப்பால். மிச்சச் சக்கை மாட்டுக்குப் போகும். மாட்டுத் தீனியை மனுஷனுக்கு விற்கிறாயா என்று கேலி பேசியவர்களும் உண்டு. அவர்களும் இருமல் வந்தால் முதல் ஆளாக வந்து நிற்பார்கள்.

தினம் அறிவித்தால் பருத்தி புடவையாய்க் காய்த்துவிடும் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். எங்கள் சங்கத்துக் கடைக்காரர் ஒருவரின் அனுபவம் வேறு. ஏதோ ஒரு உணவு தினத்துக்கு அவரைப் பாதி விலையில் கொடுக்கச் சொன்னது ஒரு டெலிவரி கம்பெனி. தள்ளுபடி முழுவதும் அவர் கணக்கில் விழுந்தது. அன்று கூட்டம் அள்ளியது, மறுநாள் பழைய ஆட்கள்தான் வந்தார்கள்.

ஆகவே எங்கள் நிலைப்பாடு இது. பருத்திப்பாலுக்கு ஒரு நாள் வேண்டும் என்றால், அது மாசியிலோ பங்குனியிலோ, கரிசல் காட்டில் மானாவாரிப் பருத்தி எடுக்கும் காலத்தில் வரட்டும். காட்டில் பருத்தி எடுக்கிறவரையும் பனையேறிக் கருப்பட்டி காய்ச்சுகிறவரையும் தள்ளுவண்டிக்காரரையும் ஒன்றாக உட்கார வைத்து அந்த நாள் நடக்கட்டும். தள்ளுபடி விற்பனையை அதில் சேர்க்கக் கூடாது.

இதைவிடப் பெரிய கோரிக்கை ஒன்று உண்டு. விதைப்புக்கென விற்கும் பருத்தி விதையில் பூச்சிமருந்து பூசியிருக்கிறார்கள். அதை ஆட்டவே கூடாது. எங்களில் அனுபவசாலிகள் அரவை மில்லில் தெரிந்த ஆளிடம் கேட்டு வாங்குகிறார்கள். புதிதாக வருகிறவருக்கு அந்தப் பழக்கம் இருக்காது. தினத்தைப் பார்த்து ஆசைப்பட்டுக் கடை போடுகிறவர் எந்தக் கொட்டையை வாங்கி ஊறப்போடுவார்? ஒத்தக்கடை வேளாண்மைக் கல்லூரி போன்ற இடங்களில் கொட்டையைச் சோதித்து, ‘இது உணவுக்கு ஆகும்’ என்று சொல்லி விற்க அரசு வழி செய்ய வேண்டும். மனுவின் முதல் வரி அதுவாக இருக்கட்டும், தினம் இரண்டாம் வரியில் வரலாம்.

அப்படித் திருத்தி எழுதிக்கொண்டு வந்தால் கையெழுத்துப் போடுகிறோம். காலை பத்து மணிக்கு மேல் வாருங்கள். அதற்கு முன் கரண்டியைக் கீழே வைக்க முடியாது.