மேட்டிலிருந்து தொடங்க வேண்டிய வேலை

2024 டிசம்பர் 1ஆம் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலை மலைச்சரிவு இடிந்து ஏழு உயிர்கள் பலியாயின. அந்தத் துயரத்தை நாடே அறியும். ஆனால் வேங்கிக்கால் போன்ற மலையடிவார ஊர்களின் மானாவாரிக் கொல்லைகளில் ஒவ்வொரு மழைக்கும் மேல்மண் சத்தமின்றிக் கரைந்து போவதை எவரும் கணக்கில் எடுப்பதில்லை. மணிலா விளைச்சல் குறைந்தால் விதையையும் உரத்தையும் குறை கூறுவதோடு பேச்சு நின்றுவிடுகிறது.

ஓர் ஓடைக்கு நீர் வந்து சேரும் பரப்பு முழுவதும் அதன் நீர்வடிப்பகுதி ஆகும். அதன் வடிவத்தை அளக்க, 1932இல் ஹார்ட்டன் என்ற அமெரிக்க அறிஞர் எளிய கணக்கு ஒன்று கூறினார். பரப்பை, நீளத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். 4 சதுர கிலோமீட்டர் பரப்பு 4 கிலோமீட்டர் நீளம் இருந்தால் விடை 0.25. அதே பரப்பு இரண்டரை கிலோமீட்டர் நீளத்தில் அடங்கினால் 0.64. முன்னது புடலங்காய் போல் நீண்டது. பின்னது தாம்பாளம் போல் அகன்றது. தாம்பாள வடிவில் எல்லாப் பக்கத்து நீரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் திரண்டு வரும். கரை அரிக்கும், வரப்பு உடையும். நீண்ட வடிவில் வெள்ளம் பிரிந்து பிரிந்து வரும். சரிவு, மண், பயிர் மூடாக்கு ஆகியவற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பது உண்மைதான்.

இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் புவன் இணையதளத்தில், கார்ட்டோசாட் செயற்கைக்கோள் தந்த உயர அளவுகள் கிடைக்கின்றன. கணினியில் இட்டால் ஓடையும் சரிவும் நொடியில் தெரியும். ஆயினும் அதன் ஒரு கட்டம் 30 மீட்டருக்கு 30 மீட்டர். அதாவது 22 சென்ட். அரை ஏக்கர்காரரின் நிலம் முழுவதும் இரண்டே கட்டங்களில் முடிந்துவிடும்! மேல் கொல்லை நீர் எந்த வரப்பை உடைத்து இறங்குகிறது என்பது செயற்கைக்கோளுக்குத் தெரியாது, உழவருக்குத் தெரியும். ஆகவே அலுவலகத்திலேயே வரைபடத்தை வைத்துத் திட்டம் தீட்டுவது அரைவேலை. அதன்மேல் புலப்படத்தைப் பொருத்தி, மழை விட்ட மறுநாள் ஊராருடன் மேட்டிலிருந்து இறங்கி நடந்து திருத்த வேண்டும்.

ஏரியைத் தூர்வாருவதில் உள்ள ஆர்வம் மேட்டு நிலத்தில் இல்லை. மேலே மண் கரையும்வரை கீழே வண்டல் சேர்ந்துகொண்டேதான் இருக்கும். முதலில் மேட்டில் சம உயர வரப்பு, அடுத்து ஓடையில் கல் தடுப்பு, அதன் பிறகே ஏரி. சரிவுக்குக் குறுக்கே உழுவதற்கோ கூடுதல் செலவு ஏதுமில்லை.

மாவட்ட ஆட்சியர் அலுவலகம் வேங்கிக்காலிலேயே உள்ளது. விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில், தம் ஊர் நீர்வடிப்பகுதியின் வரைபடத்தைத் தமிழில், சர்வே எண்களுடன் தருமாறு உழவர்கள் கேட்கலாம்.