பச்சைக் கலர் அடிச்ச மூலை

எங்க திருமுல்லைவாயில் பக்கம் மனை விக்கிற நோட்டீஸ் எதையாச்சும் எடுத்துப் பாருங்க மக்களே. "ஸ்டேஷனுக்கு அஞ்சே நிமிஷம், சி.டி.எச். ரோட்டுக்கு மூணே நிமிஷம்"னு ஒரு புளுகு இருக்கும். (அந்த மூணு நிமிஷத்தை ராத்திரி ரெண்டு மணிக்கு ஓட்டிப் பாத்துக் கணக்கு போட்டிருப்பாங்க போல.) பக்கத்துலயே லேஅவுட் படம். அதுல ஒரு மூலைல மட்டும் பச்சைக் கலர் அடிச்சு "பூங்கா"ன்னு எழுதியிருக்கும். குழந்தை வச்சிருக்கறவங்க பாதிப் பேர் அந்தப் பச்சையைப் பாத்துதான் அட்வான்ஸ் குடுக்கறாங்க.

பத்து வருஷம் கழிச்சு அந்த மூலைக்குப் போனா என்ன இருக்கு? ஒரு தண்ணி டேங்க். ஒரு டிரான்ஸ்பார்மர். சங்கக் கட்டிடம். நாலு கார், ஒரு டெம்போ. மிச்சம் இருக்கற இடத்துல வேலிகாத்தான் முள்ளு. புள்ளைங்க தெருவுல கிரிக்கெட் ஆடுது, தண்ணி லாரி வந்தா ஸ்டம்ப்பைத் தூக்கிக்கிட்டு ஓரமா ஓடுது. அந்த லாரி டிரைவர் ஒரு நாள் தூக்கத்துல வந்தார்னா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க.

எங்க ஊரு பேரையே முல்லைக்கொடி வச்சுதான் சொல்றோம். தொண்டைமான் ஏறி வந்த யானையோட காலை முல்லைக்கொடி சுத்திக்கிச்சு, வாளால வெட்டினப்ப லிங்கம் வெளிப்பட்டுச்சுங்கறதுதான் மாசிலாமணீசுவரர் கோயில் தலபுராணம். யானையையே மடக்குற அளவுக்கு முல்லை படர்ந்த ஊர்ல இன்னைக்கு ஒரு கொடி நட பொது இடம் தேடணும்!

சரி, சட்டம் என்ன சொல்லுது? சென்னைப் பெருநகர்ப் பகுதியில லேஅவுட் போட்டா ஓ.எஸ்.ஆர்., அதாவது திறந்தவெளி ஒதுக்கீடு, உண்டு. 2019ல வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த கட்டிட விதிகள்லயும் அது இருக்கு. நிலம் 10,000 சதுர மீட்டருக்கு மேல இருந்தா, ரோடு போக மீதியில 10 சதவீதத்தைத் தானப் பத்திரம் எழுதி ஒப்படைச்சே ஆகணும். 3,000ல இருந்து 10,000க்குள்ள இருந்தா, இடத்துக்குப் பதிலா வழிகாட்டி மதிப்புப்படி பணமாக் கட்டற வழியும் இருக்கு. 3,000க்குக் கீழ ஒண்ணுமே வேணாம்.

3,000 சதுர மீட்டர்னா சுமார் 74 சென்ட். இப்ப ஓட்டை புரியுதா? வயலை ஒட்டுமொத்தமா வாங்கி லேஅவுட் போட்டாதான பூங்கா விடணும்? துண்டு துண்டா 70 சென்ட், 60 சென்ட்டா பிரிச்சுப் போட்டா ஒரு செடிக்குக் கூட இடம் விட வேணாம். வரிசையா பத்து "நகர்" முளைச்சிருக்கும், பத்துக்கும் சேத்து ஒரு ஊஞ்சல் இருக்காது. பணமாக் கட்டினா அரசாங்கத்துக்கு ஒரு ரசீது, அவ்வளவுதான். ரசீதுல சறுக்குமரம் விளையாட முடியுமா?

ஒழுங்கா இடம் விட்ட லேஅவுட்டுக்கே ஒரு கணக்கு போடுவோம். பத்து ஏக்கர். ரோட்டுக்கு ரெண்டரை போச்சுன்னா மீதி ஏழரை. அதுல 10 சதவீதம் 75 சென்ட், சுமாரா 3,035 சதுர மீட்டர். 150 மனை, வீட்டுக்கு நாலு பேர்னா 600 பேர். தலைக்கு 5 சதுர மீட்டர். மத்திய அரசோட 2014 நகரத் திட்ட வழிகாட்டி சொல்றது தலைக்கு 10ல இருந்து 12. ஏறக்குறைய பாதிதான் வருது. இப்ப எல்லா மனையிலயும் ரெண்டு மாடி ஏத்தி மூணு குடும்பம் இருக்கு. அப்படின்னா 1,800 பேர், தலைக்கு 1.7 சதுர மீட்டர். உங்க வீட்டு வாசக்கதவைக் கழட்டித் தரையில போடுங்க, அதான் உங்க பங்கு. அந்தக் கதவு மேலதான் டேங்க்கும் சங்கக் கட்டிடமும் ஏறி உக்காந்திருக்கு.

புரமோட்டரையும் அதிகாரியையும் திட்டிட்டுப் போறது சுலபம். ஆனா பல நகர்கள்ல பூங்காவை முழுங்குறது நாமதான். "இடம் சும்மாதான சார் கிடக்கு"ன்னு ஒருத்தர் ஆரம்பிப்பார். மீட்டிங் நடத்த ஒரு ஷெட். அடுத்த வருஷம் ஷெட்டுக்குத் தளம். அதுக்கடுத்து வாடகைக்கு விட ஒரு ஹால். எல்லாமே "மக்கள் நன்மைக்காக". இடம் சும்மா கிடக்கறதுதாங்க அதோட வேலை! புள்ளைங்க ஓடறதுக்கும், பெரியவங்க உக்காறதுக்கும், மழைத்தண்ணி மண்ணுக்குள்ள இறங்கறதுக்கும்தான் அது காலியா இருக்கு. 2015 டிசம்பரையும் 2023 மிக்ஜாமையும் பாத்தப்புறமும், சிமெண்ட் போடாத ஒரு துண்டு மண்ணோட மதிப்பை நமக்கு யாராச்சும் சொல்லித் தரணுமா?

ஹால் வேணாம்னு சொல்லலை, பூங்காவுல வேணாம்னுதான் சொல்றேன். பெங்களூர் சதாசிவநகர்ல பூங்காவுக்கு ஒதுக்கின இடத்தை ஒரு தனியார் மருத்துவமனைக்குக் குடுத்தாங்க. அக்கம்பக்கத்து மக்கள் கேஸ் போட்டு, 1991ல சுப்ரீம் கோர்ட் அந்த ஒதுக்கீடு செல்லாதுன்னுடுச்சு. ஆஸ்பத்திரியே பூங்காவுக்கு ஈடாகாதுன்னா, பந்திக்கு வாடகை விடற ஹால் எந்த மூலைக்கு? நம்ம ஓ.எஸ்.ஆர். விதியே செல்லாதுன்னு கட்டிடக்காரங்க தரப்புல சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போனாங்க. 2023 பிப்ரவரியில விதி செல்லும்னு தீர்ப்பு வந்துச்சு. சட்டம் நம்ம பக்கம்தான் இருக்கு, நாமதான் வேற பக்கம் திரும்பி நிக்கறோம்.

"திறந்து விட்டா குடிகாரங்க வருவாங்க"ன்னு ஒரு வாதம் எப்பவும் வரும். ஆள் நடமாட்டம் இல்லாம, லைட் இல்லாம, பூட்டிப் போட்ட இடத்துக்குத்தான் அவங்க சுவர் ஏறிக் குதிச்சு வர்றாங்க. சாயந்திரம் நாப்பது புள்ளைங்களும் பத்து பாட்டிங்களும் இருக்கற இடத்துல எவன் பாட்டிலைத் திறப்பான்? "பருத்திப்பட்டு ஏரியில 2019லயே பெரிய பூங்கா போட்டாச்சே"ம்பாங்க. நல்ல விஷயம், நானும் போவேன். ஆனா முட்டி வலிக்கற பாட்டியும் ஆறு வயசுப் பொண்ணும் தினமும் பஸ் ஏறி ஆவடி போக முடியுமா? நடந்து போற தூரத்துல இருந்தாதாங்க அது பூங்கா, இல்லைன்னா அது டூர்.

என்ன பண்ணலாம்? உங்க லேஅவுட்டோட அங்கீகார எண் பத்திரத்துலயே இருக்கும். அதை வச்சு சி.எம்.டி.ஏ. வரைபடத்தைக் கேளுங்க. தானப் பத்திரம் பதிவாச்சா, இடம் யார் பேர்ல இருக்குன்னு ஆவடி மாநகராட்சிக்கு ஒரு ஆர்.டி.ஐ. போடுங்க, பத்து ரூபாதான் செலவு. பூங்கா, விளையாட்டிடம், திறந்தவெளி எல்லாத்துக்கும் உள்ளாட்சி பட்டியல் வச்சுக் காப்பாத்தணும்னு 1959லயே தமிழ்நாட்டுல தனிச் சட்டம் போட்டாச்சு. அந்தப் பட்டியலை வார்டு வாரியா போர்டுல எழுதி வைக்கச் சொல்லுங்க. இடத்துக்குப் பதிலா வாங்கின பணத்துல அதே பகுதியில நிலம் வாங்கச் சொல்லுங்க.

அடுத்த சங்கக் கூட்டத்துல யாராச்சும் "இடம் சும்மாதான கிடக்கு"ன்னு ஆரம்பிச்சா, டீ குடிச்சிக்கிட்டே தலையாட்டாதீங்க சாமி. "அது சும்மா கிடக்கட்டும் சார்"னு சத்தமாச் சொல்லுங்க. முதல் ஆளா சொல்றதுதான் கஷ்டம், ரெண்டாவது ஆள் கண்டிப்பா கை தூக்குவார்.