கடலையும் வீதியாகக் கணக்கிடுங்கள்

யாழ்ப்பாணத்தின் நெடுந்தீவைச் சுற்றி மீன் உண்டு. தீவுக்குள் பனையும் ஆடுமாடும் உண்டு. ஆனாலும் அங்கே பல குடும்பங்கள் உலையேற்றக் கணக்குப் பார்க்கின்றன. உணவு இல்லாமல் போவதால் மட்டும் பஞ்சம் வருவதில்லை, இருக்கும் உணவைப் பெறும் வலுவை மக்கள் இழப்பதாலும் வருகிறது என்று 1943 வங்கப் பஞ்சத்தை ஆராய்ந்த அமர்த்தியா சென் 1981இல் எழுதினார். தீவகத்தில் அந்த வலுவைக் கரைப்பவற்றுள் முதன்மையானது கடலைக் கடக்கும் செலவு. அரிசியும் கோதுமை மாவும் குறிகட்டுவான் இறங்குதுறையில் ஏற்றப்பட்டு, ஏறத்தாழ ஒரு மணிநேரக் கடல்வழியில் வந்து இறங்கும்போது ஏற்றுகூலி, படகுக்கூலி, இறக்குகூலி எல்லாம் விலையில் ஏறிவிடுகின்றன. மீன் மறுகரைக்குப் போகும்போது அதே கூலி மீனவருக்குக் கிடைக்கும் விலையில் கழிகிறது. வாங்கும்போதும் விற்கும்போதும் நட்டப்படுபவர் ஒருவரே. சோளகக் காற்றோ வாடைக் காற்றோ பலத்துப் படகு நின்றால், ஐஸ் இல்லாத மீனை வந்த விலைக்குத் தள்ளிவிட வேண்டியதுதான்.

2022 ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஒரே நாளில் ஏறியபோது சிறு வள்ளக்காரர் பட்ட பாட்டை வடபகுதிக் கரையெங்கும் கண்டோம். அடுத்த ஆண்டு வந்த அரசின் அஸ்வெசும நலன்புரி உதவி தேவையானது. அதை நான் குறைத்துப் பேசவில்லை. மிக வறிய குடும்பத்துக்கு மாதம் 15,000 ரூபாயாகத் தொடங்கி, 2025இல் 17,500 ஆயிற்று. ஆனால் கொழும்புக்கும் நெடுந்தீவுக்கும் தொகை ஒன்றே. பொருள் விலையும், கடும் நோயாளியை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகும் செலவும் ஒன்றல்ல.

எனவே தீவுகளுக்கான வறுமை ஒழிப்பு படகிலிருந்து தொடங்க வேண்டும். ஸ்கொட்லாந்து 2008இல் தன் மேற்குத் தீவுகளில் ஓர் ஏற்பாட்டைப் பரிசோதித்தது: அதே தூரத்தை வீதியால் போனால் என்ன செலவாகுமோ அதை அடிப்படையாகக் கொண்டே கப்பல் கட்டணம். பயணம் பெருகியது, சுற்றுலா வாகனங்கள் நெருக்கியதால் தீவுவாசிகளுக்கு இடம் கிடைக்காத குறையும் எழுந்தது. குதிரைகளைப் பார்க்கப் பயணிகள் குவியும் நெடுந்தீவில் ஊரவருக்கும் அவர்களின் சரக்குக்கும் முதலிடம் என்ற விதி தொடக்கத்திலேயே வேண்டும். கொள்கையளவில், கடலை வீதியாகக் கணக்கிடுவது நமக்குப் புதிதும் அல்ல. நெடுந்தீவுக்கு ஓடும் குமுதினிப் படகு வீதி அபிவிருத்தி அதிகார சபையுடையது. பண்ணைப் பாலத்தால் வேலணைக்குப் போகிறவரிடம் யாரும் பாலத்தின் செலவைக் கேட்பதில்லை. பாலம் போட முடியாத இடத்தில் மட்டும் ஏன் கேட்க வேண்டும்?

சில ஆயிரம் பேருக்கு இவ்வளவு செலவா, அவர்களை யாழ்ப்பாணத்தில் குடியேற்றலாமே என்பார்கள். போரில் இடம்பெயர்ந்து, திரும்பிவந்து கிணற்றையும் வேலியையும் மீட்டவர்களிடம் மறுபடி கிளம்பச் சொல்வது நியாயமில்லை. கடலை விட்டுக் கூலிக்குப் போகும் மீனவர் வறுமையையும் கூடவே கொண்டுபோவார். வெளிநாட்டு உறவுகளின் பணம் போதாதா என்றால், அது கோயிலையும் வீட்டையும் கட்டுகிறது. உறவில்லாதவர் வீட்டுக்கு அது வருவதில்லை. மீனவர் வறுமைக்கு இழுவைப் படகுகள்தான் முதற்காரணம் என்ற வாதத்திலும் வலு உண்டு. இலங்கை 2017இல் அந்த முறையைச் சட்டத்தால் தடைசெய்தும், இந்திய இழுவைப் படகுகளால் வலைகள் அறுபடுகின்றன. அதைத் தடுக்கத்தான் வேண்டும். தடுத்த பிறகும், பிடித்த மீனைக் கெடாமல் கரைசேர்க்க வழியில்லை என்றால் விலையை வியாபாரியே சொல்வார்.

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் சூரிய, காற்று மின்சாரம் தர, இந்திய நன்கொடையில் 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கையெழுத்தானது. அந்த மின்சாரத்தில் ஒரு பங்கை ஒவ்வொரு இறங்குதுறையிலும் ஐஸ் உற்பத்திக்கும் குளிர்களஞ்சியத்துக்கும் என்று இப்போதே ஒதுக்கி, அவற்றைக் கடற்றொழிலாளர் சங்கங்களின் பொறுப்பில் விட வேண்டும்.