அந்தக் காகிதத் தட்டு

ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பில் முப்பத்தைந்து வருடங்கள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மருத்துவம் படித்தவனல்ல. ஆனாலும் மனதை உறுத்தும் ஒரு விஷயத்தை எழுதியாக வேண்டும்.

2009-ம் ஆண்டு. அப்போது வேறோர் ஊரில் இருந்தேன். ஊர், பெயர் வேண்டாம். எங்கள் காலனியில் பதினைந்து வயதுப் பையன் ஒருவன் சித்தப்பா வீட்டில் தங்கிப் படித்தான். பெற்றோர் இல்லை. பிறக்கும்போதே தாயிடமிருந்து ஹெச்.ஐ.வி. தொற்றியிருந்தது. செய்தி எப்படியோ கசிந்துவிட்டது. பொங்கல் விழாப் பந்தியில் எல்லோருக்கும் வாழை இலை. அவனுக்கு மட்டும் ஓரமாக ஒரு காகிதத் தட்டு. சாப்பிடாமலே எழுந்து போனான். விழாக் குழுவில் நானும் இருந்தேன். வாய் திறக்கவில்லை. அடுத்த பொங்கலுக்குள் அந்தக் குடும்பமே மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டது.

சேர்ந்து சாப்பிடுவதாலோ, விளையாடுவதாலோ, தொடுவதாலோ இந்தக் கிருமி பரவாது. இந்தியாவில் இது முதலில் கண்டறியப்பட்டது 1986-ல், நம் சென்னையில்தான். அன்று இங்கே மருந்து இல்லை. பயத்துக்கும் காரணம் இருந்தது. 2004 ஏப்ரல் முதல் அரசே கூட்டு மருந்தை இலவசமாகத் தருகிறது. ஒழுங்காகச் சாப்பிட்டால் ரத்தப் பரிசோதனையில் தெரியாத அளவுக்குக் கிருமி குறைகிறது. படிக்கலாம், வேலை பார்க்கலாம், கல்யாணமும் செய்துகொள்ளலாம்.

உடம்புக்கு மருந்து வந்துவிட்டது. மனதுக்கு? சின்ன வயதில் "சத்து மாத்திரை" என்று சொல்லிக் கொடுப்பார்கள். விவரம் தெரியும் வயதில் உண்மை தெரிய வரும். இறந்துபோன தாயிடம் எப்படிக் கோபித்துக்கொள்வது? சிநேகிதனிடம் சொல்லலாமா? நாளை கல்யாணப் பேச்சு வந்தால்? ஹாஸ்டலில் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று மாத்திரையையே விட்டுவிடும் பிள்ளைகள் உண்டு. விட்டால் கிருமி மருந்துக்கு அடங்காமல் போய்விடும். ஆக, நம் வம்புப் பேச்சு அவர்களுடைய மருந்தையே தடுக்கிறது.

கோடை வெயிலில் தண்டவாளம் நீளப் பார்க்கும். நீள வழியில்லாவிட்டால் உள்ளே இறுக்கம் சேரும். வெளியே ஒன்றும் தெரியாது. திடீரென்று ஒரு மத்தியானம் வளைந்துவிடும். யாரிடமும் சொல்ல முடியாத பிள்ளையின் மனதும் அப்படித்தான்.

2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, இத்தொற்றைக் காரணம் காட்டிப் பள்ளியில் ஒதுக்கக் கூடாது. பாதிக்கப்பட்ட குடும்பத்தில் 12 வயது நிரம்பிய பொறுப்பான அண்ணனோ அக்காளோ, தானும் 18 வயதைத் தொடாதபோதே, தம்பி தங்கைக்குக் காப்பாளராக இருக்கலாம் என்றும் அது சொல்கிறது. சட்டம் அந்தப் பிள்ளைகளை அவ்வளவு நம்புகிறது. நாமோ தட்டைப் பிரித்து வைக்கிறோம்!

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். நம் வாயையாவது மூடிக்கொள்ளலாமே? சொந்த ஊரை விட்டு வந்த நமக்குச் சங்கம்தான் சொந்தபந்தம். இங்கேயும் ஒதுக்கினால் அந்தப் பிள்ளை எங்கே போகும்? "அந்த வீட்டு விஷயம் தெரியுமா?" என்று யாராவது ஆரம்பித்தால், பேச்சை அங்கேயே நிறுத்துங்கள்.

அந்தப் பையனுக்கு இன்று முப்பது தாண்டியிருக்கும். எங்கிருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும். அன்று நான் என் இலையை விட்டு எழுந்து போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும்.